பொட்டு வைத்த டிஸ்க்

கிள்ளான்
மலேசியா, 12 ஆகஸ்ட் 1989

பவுனு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன வாரம் பக்கிரிசாமி ஐயாவின் அச்சகத்தில் அத்தனை பேர் முன்னால் சிரித்தாயே, அதிலேயே தெரிந்துவிட்டது நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று.

எதற்குச் சிரித்தாய்? என் மெஷின் திரையில் ‘பேட் கமாண்ட்’ என்று வந்ததற்குத்தானே? ஓர் எழுத்தை மாற்றித் தட்டிவிட்டேன், அது தப்பு என்று சொன்னது. தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்கிற மெஷின் அது. உன்னுடைய மெக்கிண்டாஷ் மக்கர் பண்ணினால் என்ன செய்யும்? ஒரு வெடிகுண்டுப் படம் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எது கெட்டது, ஏன் கெட்டது, ஒரு வார்த்தை சொல்லாது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாய்.

ஐயா சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கட்டும். “நம்ம பத்திரிகையோட தீபாவளி மலர்ல முதல் பதினாறு பக்கம். அண்ணன் ஒரு தடவ செய்யட்டும், தங்கச்சி ஒரு தடவ செய்யட்டும். எது நல்லா வருதோ அந்த மெஷினுதான் நம்ம அச்சுக் கோக்குற ரூமுக்கு. ஈய எழுத்துக்கு முழுக்குப் போட்டாச்சு லா.” அக்டோபர் பதினான்காம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நான் கொடுப்பேன்.

உனக்கு இது விளையாட்டு, எனக்கு அப்படி இல்லை. என் கம்ப்யூட்டர் வகுப்பில் ஆறு மெஷின் இருக்கிறது, படிக்க வருகிறவர்கள் நாலு பேர். அந்த அச்சகம் என் மெஷினை எடுத்தால் நான் தலை நிமிர்வேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். உன் பெட்டியைத் திறக்க நீளக் கைப்பிடி வைத்த தனி ஸ்குரூடிரைவர் வேண்டுமாம், சாதாரணக் கடையில் கிடைக்காதாம். திறக்கவே கூடாது என்று செய்த பெட்டியில் என்ன புதுமை? என் மெஷினைப் பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டினேன். நாளைக்கு எவனோ எங்கோ ஒரு புதுக் கார்டு செய்தால் மூடியைக் கழற்றிச் செருகிக்கொள்வேன். ஊர் உலகமே சேர்ந்து வளர்க்கிற மெஷின் இது. அதைப் பார்த்தா சிரித்தாய்?

மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏறாதே. போனும் செய்யாதே. உன் குரல் கேட்டால் வைத்துவிடுவேன்.

இராமலிங்கம்

பி.கு.: இந்தக் கடிதம் என் மெஷினில், நானே எழுதிய தமிழ் புரோகிராமில் அடித்தது.


பிரிக்பீல்ட்ஸ்
கோலாலம்பூர், 17 ஆகஸ்ட் 1989

அண்ணே,

உன் கடிதம் கிடைத்தது. பிரித்ததும் தாளில் எறும்பு ஏறிவிட்டது என்று நினைத்துத் தட்டிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது அது உன் பிரிண்டர் போட்ட புள்ளி என்று. ‘தங்கை’ என்று எங்கேயும் எழுதாமல் இவ்வளவு நீளக் கடிதம் எழுத உன்னால்தான் முடியும்.

நான் ‘பேட் கமாண்டு’க்குச் சிரிக்கவில்லை. நீ அந்த மெஷினைப் பார்த்து, “சொன்னா கேளு லா, மானத்த வாங்காத” என்றாயே, அதற்குச் சிரித்தேன். நம் அப்பா சைக்கிளைப் பார்த்துப் பேசுவாரே, அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். அதற்கு மன்னிப்பா? போ அண்ணே.

சரி, புதுமைக்கு வருகிறேன். உன் மெஷினில் ஒரு தலைப்பைப் பெரிதாக்க என்ன செய்தாய்? மூன்று வரி கட்டளை அடித்தாய், பிரிண்ட் எடுத்தாய், பிடிக்கவில்லை, மறுபடி அடித்தாய். ஐயா கொட்டாவி விட்டார், பார்த்தேன். நான் என்ன செய்தேன்? முதலாளியிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கி வந்த மெஷினில் மௌஸைப் பிடித்து இழுத்தேன். எழுத்து கண் முன்னால் பெரிதாயிற்று. திரையில் பார்த்ததுதான் தாளில் வந்தது. ஐயா எழுந்து பக்கத்தில் வந்து, “இன்னொரு வாட்டி இழு பாப்பா” என்றார். மெஷின் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டு வேலை செய்ய முடிகிறதே, அதுதான் புதுமை. மூடியைக் கழற்றத் தெரிந்தவனுக்கு மட்டும் நல்லதாக இருக்கிற மெஷின் மற்றவர்களுக்கு எதற்கு?

‘நானே பூட்டினேன்’ என்று எழுதி, என் மெஷின் என்னுடையது இல்லை, முதலாளியுடையது என்று குத்திக் காட்டுகிறாய். உண்மைதான். பகலெல்லாம் அதில் சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ் போடுகிறேன். இக்கான் கெம்போங் என்று மீன் விலை, சபுன் என்று சோப்பு விலை, எல்லாம் மலாயிலும் சீனத்திலும். இந்தக் கடிதத்தில் பார்க்கிறாயே, இந்த என் தமிழ் எழுத்தை இரண்டு வருஷமாக மெஷினில் வரைகிறேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு. அது ஒரு தடவைகூட அச்சில் ஏறவில்லை. இந்த நாட்டில் அதைக் கேட்கிற ஒரே ஆள் பக்கிரிசாமி ஐயாதான். அவர் உன் மெஷினை எடுத்தால் உன் புள்ளி எழுத்துதான் அங்கே ஓடும். என் எழுத்து ஒரு டிஸ்க்குக்குள் கிடந்து சாகும். எனக்கு விளையாட்டு என்று எப்படி அண்ணே உனக்கு எழுத வந்தது?

அண்ணியைக் கேட்டதாகச் சொல். அம்மா அப்பாவையும்.

பவுனம்மாள்


கிள்ளான்
4 செப்டம்பர் 1989

பவுனு,

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை என்றார். அடுத்த தடவை பெரிய எழுத்தில் அடி. ஒவ்வொரு எழுத்தும் கட்டை விரல் அகலம் இருக்கட்டும். கையால் எழுதாதே, உன் கிறுக்கல் இன்னும் மோசம்.

உன் மெக்கிண்டாஷைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்தேன். டிஸ்க்கை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அந்தப் படத்தை இழுத்துக்கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட வேண்டுமாமே! நான் நம்பவில்லை. கோலாலம்பூரில் அதை விற்கிற கடைக்கே போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஒருவன் மாதக் கணக்காகச் செய்த வேலையை வைத்திருக்கிற டிஸ்க்கைக் குப்பையில் போடச் சொல்கிறது, கேட்டால் புதுமையாம். என் மெஷினில் ஒரு பிடி இருக்கிறது. அதைத் திருப்பினால் டிஸ்க் வெளியே வரும். அதற்கு மூளை வேண்டாம், கை போதும்.

கடைக்காரன் என் கையில் மௌஸைக் கொடுத்தான். பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கொஞ்ச நேரம்தான் பிடித்தேன், அண்ணி சொல்கிற மாதிரி ஒரு மணி நேரம் எல்லாம் இல்லை.

என் பக்கங்கள் நன்றாக வருகின்றன. எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஐயாவுக்கு ஒரு மாதிரித் தாள் அனுப்பப்போகிறேன், பார்த்துவிட்டு அவரே சொல்லட்டும்.

சரஸ்வதி பூஜைக்கு நீ மெஷினைக் கொண்டுவர வேண்டும் என்று அம்மா சொல்கிறார். எந்தக் காலத்தில் நடக்கும்? அச்சகத்துக்கு ஒரு நாள் கொடுத்ததே பெரிது, இன்னொரு தடவை கேட்டால் முதலாளி கழுத்தைப் பிடிப்பான் என்றேன். “அப்ப அதுக்குள்ள போடற தகட்டையாவது குடுக்கச் சொல்லு, அதுலதான எல்லாம் இருக்கு” என்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவிடம் நீயே பேசிக்கொள். அம்மாவுக்காகத்தான் வரச் சொல்கிறேன். வருவாயா மாட்டாயா என்று எழுது. கிழமையைச் சுருக்காமல் முழுசாக எழுது, அப்பா படிப்பார்.

இராமலிங்கம்


பிரிக்பீல்ட்ஸ்
25 செப்டம்பர் 1989

மதிப்பிற்குரிய திரு. இராமலிங்கம் அவர்களுக்கு,

பக்கிரிசாமி ஐயா நேற்று உங்கள் மாதிரித் தாளை எனக்குக் காட்டினார். “உன் அண்ணன் எழுத்து முன்னேறிப் போச்சே பாப்பா” என்றார். பார்த்தேன்.

அந்த ‘ண’ என்னுடையது. மூன்றாவது சுழி கொஞ்சம் சாய்ந்து இறங்கும், ஊரில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அந்த ‘ழ’ என்னுடையது. அதன் வாலை நான் எத்தனை தடவை அழித்து வரைந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். உங்கள் மெஷினில் அதைப் புள்ளி புள்ளியாக நட்டு வைத்திருக்கிறீர்கள்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லையா? கட்டை விரல் அகலத்தில் எழுத்து வேண்டுமா? “இந்த ஞாயிற்றுக்கிழமை வர இயலாது” என்று ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக அடித்து அனுப்பினேனே, முட்டாள் மாதிரி! நேற்று அண்ணி வேலை செய்கிற கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். “மாமாவுக்கா? அவரு பேப்பர்ல சின்ன எழுத்தெல்லாம் கடகடன்னு படிக்கிறாரே” என்றார்.

என்னைச் சீண்டிச் சீண்டிக் கடிதம் எழுத வைத்து, அதிலிருந்து எழுத்தைத் திருடி, அதை வைத்தே என்னைத் தோற்கடிக்கப் பார்த்திருக்கிறீர்கள். ஊர் உலகம் சேர்ந்து வளர்க்கிற மெஷின் என்று எழுதினீர்களே, இப்படித்தான் வளர்க்கிறார்களா?

அண்ணி சனிக்கிழமை சேலை எடுக்க இங்கே வருகிறார். டிஸ்க்கை அவரிடம் கொடுக்கிறேன். என் எழுத்தும் பதினாறு பக்கமும் அதில் இருக்கின்றன. அம்மா கேட்டதற்காகக் கொடுக்கிறேன், பூஜைக்கு மட்டும். உங்கள் கை அதில் படக் கூடாது. விஜயதசமி அன்றைக்கே திரும்பி வந்துவிட வேண்டும்.

இனிமேல் என்னிடமிருந்து ஓர் எழுத்துகூட வராது. உங்களுக்கு என்னென்ன எழுத்து குறைகிறதோ, அதை எல்லாம் நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்
7 அக்டோபர் 1989

அண்ணே,

எழுத மாட்டேன் என்றேன். எழுதுகிறேன். கையால் எழுதுகிறேன், ஆபீசில் மெஷின் பக்கம் போக விடமாட்டேன் என்கிறார்கள்.

வருஷக் கடைசி நோட்டீஸ் வேலை வந்து குவிந்துவிட்டது. மெஷினுக்குள் இடம் இல்லை என்று முதலாளி நேற்று என் பகுதி முழுக்க அழித்துவிட்டார். “உன் தமிழ் சாமான் தனியா டிஸ்க்ல இருக்குதானே?” என்றார். இருக்கிறது என்றேன். அந்த டிஸ்க் கிள்ளானில் இருக்கிறது என்று சொல்லவில்லை.

காலையிலிருந்து மூன்று தடவை போன் போட்டேன். நான் ‘ஹலோ’ என்றதும் வைத்துவிட்டாய். நான் என்ன சொல்ல வருகிறேன் என்று கேட்கக்கூட உனக்கு மனசு வரவில்லையா? அண்ணியின் கடைக்குப் போட்டால் லீவாம். ஓடி வந்து வாங்கிக்கொள்ளலாம்தான். படி ஏறாதே என்று சொன்னது நீ. எனக்கும் ரோஷம் இருக்கிறது.

இப்போது எனக்கென்று இருப்பது அந்த ஒரு டிஸ்க்தான். வேறு காப்பி கிடையாது. யாராவது பேசினால் எரிந்து விழுகிறேன். அம்மா அதைப் பூஜையில் வைத்திருந்தால் இருக்கட்டும், எடுக்காதே, அம்மா வருத்தப்படுவார். பூஜை முடிந்ததும் அனுப்பிவிடு. வெயில் படாமல், காந்தம் இருக்கிற ரேடியோப் பெட்டி பக்கத்தில் வைக்காமல்.

பவுனு


கிள்ளான்
10 அக்டோபர் 1989, விஜயதசமி

பவுனு,

நானும் கையால்தான் எழுதுகிறேன். என் ஆறு மெஷினில் இரண்டு படுத்துவிட்டன, மற்றதில் தமிழ் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ சிரித்தால் சிரித்துக்கொள். நேற்று அம்மா நடுவீட்டில் பலகை போட்டு எல்லாவற்றையும் வைத்தார். அப்பாவின் ரயில்வே ஸ்பேனர், அண்ணியின் தையல் மெஷின், என் புத்தகங்கள், என் டிஸ்க் அத்தனையும். காப்பி எடுத்து வைத்த டிஸ்க்கையும் நானே கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றுக்கு மட்டும் சாமி ஆசீர்வாதம் கிடைத்து இன்னொன்றுக்குக் கிடைக்காமல் போகக் கூடாதே என்று! புத்திசாலி நான்.

என் டிஸ்க் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மெல்லிசாக, அகலமாக, காகித உறைக்குள் இருக்கும். அம்மா ஒவ்வொன்றையும் உறையிலிருந்து உருவி எடுத்துவிட்டார். ஏன் என்று இன்றைக்குக் கேட்டேன். “சாமி முன்னாடி சட்டையோடவா நிப்ப? கோயில்ல நீ சட்டையக் கழட்றதில்ல?” என்றார். உறை இல்லாவிட்டால் நடுவில் நீளமாக ஒரு ஜன்னல் தெரியும், அதற்குள் கறுப்பாகத் தகடு. மெஷின் படிக்கிற இடமே அதுதான். அம்மா பார்த்தார். பொட்டு வைக்க என்றே விட்ட இடம் மாதிரி இருந்திருக்கிறது. அதிலேயே சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். அத்தனை டிஸ்க்குக்கும். நான் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டு நின்றேன். பூ மறைத்துக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் துடைத்துவிட்டுப் போட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். ‘அபோர்ட், ரீட்ரை, ஃபெயில்?’, விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா என்று கேட்டது. ரீட்ரை. மறுபடியும் அதே கேள்வி. காப்பியைப் போட்டேன், இரண்டாவது மெஷினில் போட்டேன், அதுவும் போயிற்று. பதினாறு பக்கமும் போய்விட்டன. நான் எழுதிய தமிழ் புரோகிராமும் போயிற்று. அம்மா அழுதுகொண்டே இருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார்.

உன் டிஸ்க்கைப் பலகையிலிருந்து எடுத்தேன். தொடாதே என்றாய், தொட்டேன். அதற்கும் சந்தனம், குங்குமம், குறைவில்லாமல். ஆனால் அது கெட்டி பிளாஸ்டிக், ஜன்னலுக்கு ஓர் இரும்புக் கதவு. அம்மா கதவின் மேல் வைத்திருக்கிறார். நகத்தால் கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே ஒரு தூசு இல்லை.

உன்னிடம் மறைக்க மாட்டேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை ஐயாவுக்கு என் பக்கங்கள் போகாது. இதுவும் போகாவிட்டால் இரண்டு பேருமே இல்லை என்றாகும், ஒரு மாதம் தவணை கேட்கலாம். “அதுவும் கெட்டுப்போச்சு” என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ நம்புவாய், அம்மாவும் நம்புவார். அப்படி நினைத்தேன். அப்புறம் உன் கடிதத்தில் ‘ரேடியோப் பெட்டி பக்கத்தில் வைக்காமல்’ என்ற வரியை மறுபடி படித்தேன். என் மேல் எனக்கே கோபம் வந்தது. அண்ணியை உடனே பஸ் ஏறச் சொல்லியிருக்கிறேன். டிஸ்க்கும் இந்தக் கடிதமும் ஒன்றாக வரும்.

திருட்டைப் பற்றிக் கேட்டாய். ஆமாம், எடுத்தேன். உன் கடிதத்தின் மேல் கட்டம் போட்ட கண்ணாடித் தாளை வைத்துப் புள்ளி எண்ணினேன். பதினாறு பக்கத்தை என் பழைய எழுத்தில் அடித்துப் பார்த்தேன், எனக்கே சகிக்கவில்லை. உன் முதல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்தேன். நான் பார்த்த தமிழ் எழுத்திலேயே அதுதான் நல்ல எழுத்து. அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சண்டை போடத்தான் வந்தது. சண்டை போட்டால் நீ பதில் எழுதுவாய், புது எழுத்து கிடைக்கும். ‘ஞ’ உன் ஞாயிற்றுக்கிழமையில் கிடைத்தது. ‘ஔ’ கடைசி வரை கிடைக்கவில்லை. நானே ஒன்று போட்டேன், பல்லி மாதிரி வந்தது.

என் மெஷின் தோற்கவில்லை என்று இப்போதும் சொல்வேன். தோற்றது உறை. ஆனால் சிலதை மூடித்தான் வைக்க வேண்டும் போலிருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன்


பிரிக்பீல்ட்ஸ்
19 அக்டோபர் 1989

அண்ணே,

டிஸ்க் திறந்தது. ஓர் எழுத்து குறையவில்லை. திரையில் என் பக்கம் வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்து மேசை மேய் லிங் டிஷ்யூ கொடுத்தாள். நோட்டீஸ் வேலையை முடித்துவிட்டால் லேசர் பிரிண்டரில் எடுத்துக்கொள் என்று முதலாளி விட்டுவிட்டார். சனிக்கிழமை காலையில் பதினாறு பக்கமும் ஐயாவின் மேசையில் இருந்தன.

அவர் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் டிஸ்க்கைப் பார்த்தார். பொட்டை நான் துடைக்கவில்லை. “என்னம்மா இது?” என்றார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். உன் டிஸ்க் சட்டை கழற்றிய கதையைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நம்ம பழைய மெஷினுக்கு வருஷா வருஷம் சந்தனம் பூசுறோம், அது கிடக்குது குத்துக்கல்லாட்டம்” என்றார். அப்புறம் பக்கங்களை எடுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டு, “இந்த ‘ழ’ யாரு போட்டது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “சரி, மலரு இதுலதான்” என்றார்.

நவம்பரிலிருந்து அந்த அறையில் பக்கம் கட்டுகிற வேலை எனக்கு. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன், அம்மாவிடம்கூட இல்லை. சந்தோஷப்படுவாயா மாட்டாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் ஐயா ஒரு மெக்கிண்டாஷ்தான் வாங்குவாராம். அதன் விலையைக் கேட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மாதாமாதம் இதழ் வர வேண்டும், அத்தனை கதை கட்டுரையையும் நான் ஒருத்தியே உட்கார்ந்து அடித்தால் விரல் தேய்ந்துவிடும். பக்கம் கட்ட இது ஒன்று போதும், அடிப்பதற்கு வேறு மெஷின் ஆகும், சந்தனத்தைத் துடைத்துவிட்டால் கிள்ளானில் ஆறு மெஷின் சும்மா இருக்கின்றன என்று சொன்னேன். “அதுவும் இதுவும் பேசிக்குமா?” என்றார். என் அண்ணன் பேச வைப்பார் என்றேன். “வரச் சொல்லு, பார்க்கலாம்” என்றார். பார்க்கலாம் என்றுதான் சொன்னார், எடுப்பேன் என்று சொல்லவில்லை. அதை நீதான் நடத்திக் காட்ட வேண்டும்.

இரண்டுக்கும் பின்னால் ஒயர் செருகுகிற இடம் இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. உன் மெஷின்தான் திறக்குமே, திற. போன தமிழ் புரோகிராமையும் மறுபடி எழுது. அடிக்கிறவர்கள் உன் திரையில் பார்க்கிற எழுத்தும் என் தாளில் வருகிற எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். இது மட்டும் என் நிபந்தனை. உன் பல்லி ‘ஔ’ எல்லாம் அந்த அறைக்குள் வரக் கூடாது.

மன்னிப்புக் கேட்கச் சொன்னாய். கேட்க மாட்டேன். சிரித்தது சிரித்ததுதான், இன்னொரு தடவை மெஷினிடம் பேசினாலும் சிரிப்பேன். நீ செய்தது திருட்டுதான், அதுவும் மாறாது. தீபாவளிக்கு வருகிறேன். படி ஏறலாமா என்று உன்னைக் கேட்கவில்லை.

இத்துடன் ஒரு கட்டுத் தாள் வைத்திருக்கிறேன். ‘அ’ முதல் ‘ன்’ வரை எல்லா எழுத்தும், கட்டம் போட்டு, கட்டை விரல் அகலத்தில். ‘ஔ’ முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ‘ஙௌ’கூடப் போட்டிருக்கிறேன், அதை வைத்து என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் எழுத்து வேண்டுமென்றால் கேள் அண்ணே. சண்டை போட்டு வாங்காதே.

உன் தங்கை
பவுனு